உகண்டாவுக்குப் போன காற்சட்டைகள்

உடுப்புத் திருத்துற வேலையிலை ஆக்களின்ர இடுப்பளவு தெரியலாம், கால் நீளம் தெரியலாம். அவை எங்கை போகினம் எண்டு மட்டும் வாய் திறந்து கேட்கக் கூடாது. மெஷினுக்கு முன்னாலை முதுகு வளைக்கிற உங்களுக்கு இது புதுசில்லை. எட்டாம் வகுப்போடை நிண்ட எனக்கு, கதைக்கவும் கூச்சம். அதாலை கனடாவிலை, ஸ்காபரோவிலை இருக்கிற இந்தத் தையல் கடை எனக்குத் தோதாப் போச்சு.

நீலம் வேண்டாம்

பக்கத்து ஊர் ஸ்ரௌவ்விலிலை இருந்து வசந்தி அன்ரி குடும்பமா வந்தா. மனிசன், மகள், மகன், எட்டுக் காற்சட்டை. எல்லாம் மண் நிறம். மகன் கொண்டுவந்த கருநீலத்தை அன்ரி பறிச்சுத் திரும்பப் பையுக்குள்ளை வைச்சா. அங்கத்தை ஈக்கள் நீலத்துக்கும் கறுப்புக்கும்தான் வந்து கடிக்குமாம். எங்கை எண்டு நான் கேட்கேல்லை. அவவே சொன்னா: உகண்டாவிலை காடேறிக் கொரில்லா பார்க்கப் போகினமாம்.

ஒருக்கால் போனிலை ஒரு தாய்க் கொரில்லாவைப் பார்த்தனான், குட்டியை நெஞ்சோடை வைச்சிருந்தது. ஆக்கள் கிட்டப் போனால் அது குட்டியை ஒளிக்குமோ? ஆராவது வந்தால் நான் என்ர மகளைப் பின்னாலை இழுத்து விடுறனான். அதுவும் என்னைப் போலையோ எண்டு அறிய அவ்வளவு ஆசை. ஆனால் கேட்காமல், குண்டூசியளை வாயிலை கவ்விக்கொண்டு கரையை மடிச்சன். அவை போனாப் பிறகு கடைக்காரி செல்வி அக்கா என்னைப் பார்த்தா.

"குண்டூசியை வாயிலை வைச்சிருக்கிறது தையலுக்கோ, கதைக்காமல் தப்புறதுக்கோ?"

வளர்ற பிள்ளை

அன்ரியின்ர மகனுக்குப் பதினாறு வயசு. வளர்ற பிள்ளையெண்டு நான் எங்கடை வழக்கப்படி கரைக்குள்ளை மூண்டு அங்குலம் கூட விட்டு மடிச்சுத் தைச்சன். ரண்டு நாளாலை அவன் திருப்பிக் கொண்டு வந்தான். எறும்பு ஏறாமல் காற்சட்டையைச் சொக்ஸுக்குள்ளை விட வேணுமாம். என்ர மடிப்பு மொத்தத்துக்குச் சொக்ஸ் ஏறேல்லை. நான் தலை குனிஞ்சு பிரிக்கத் தொடங்கினன். அவன் சிரிச்சான்.

"இட்ஸ் ஓகே அக்கா, நான் அங்க போய் ஒரு கிழமைதான் நிப்பன், அதுக்குள்ள வளர மாட்டன்."

பதினைஞ்சு வயசு

வீட்டிலை வாய் விட்டுச் சொல்லிப் போட்டன், நாங்களும் ஒருக்கால் போவம் எண்டு. மகள் அப்பவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல்லை நிண்டாள். பதினைஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளைக் கொரில்லாவுக்குக் கிட்ட விடாயினம் எண்டு அன்ரி சொன்னது பிறகுதான் நினைவு வந்துது. இவளுக்கு ஐஞ்சு. இவர் ஒஷாவாவிலை களஞ்சியத்திலை பெட்டி தூக்கிப்போட்டு வந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கொண்டிருந்தார்.

"பத்து வருசத்திலை அவளுக்கு வயசு காணும், என்ர முழங்காலுக்குத்தான் கூடிப்போகும்."

தடிமன்

ஒரு மாதத்தாலை அன்ரியின்ர மனிசன், அங்கிள், தனிய வந்தார். முள்ளிலை கிழிஞ்ச காற்சட்டையள் மூண்டு. நாலாமாளின்ரை ஒரு கீறலும் இல்லாமல், நான் தைச்சபடி இருந்தது. அது அங்கிளின்ரைதான். விமானத்திலை தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகினதாம். மனிசற்றை தடிமன் கொரில்லாவுக்குத் தொத்தினால் செத்தும் போகுமாம். காட்டு வாசல்லை வழிகாட்டி மறிச்சுப் போட்டான். மற்ற மூண்டு பேரும் ஏற, அவர் கீழை மர வாங்கிலை இருந்தாராம். மகள் போனிலை படம் காட்டினவளாம், அது போதும் எண்டார். போதாது எண்டு முகம் சொல்லிச்சுது.

"இருபது வருச ஆசை பிள்ளை, ஒரு தும்மல்."

கேட்டுப் போட்டன்

கிழிசல் தைச்சு முடிய, எடுக்க அன்ரி வந்தா. செல்வி அக்கா வெளியிலை போயிருந்தா. பாவம் அங்கிளுக்கு அவ்வளவு தூரம் போயும் பார்க்கக் கிடைக்கேல்லை, எனக்குக் கிடைக்கக் கூடியது வெறும் பதில்தானே, அதையும் விடுறதோ எண்டு தோணிச்சுது. காற்சட்டையைப் பையுக்குள்ளை வைச்சபடி, முகம் பார்க்காமல் கேட்டன், ஆக்களைக் கண்டதும் தாய் பிள்ளையை ஒளிச்சதோ எண்டு.

அன்ரி பையைக் கீழை வைச்சா. ஒரு கையை நெஞ்சோடை வளைச்சுக் காட்டினா.

"ஒளிக்கேல்லையடி பிள்ளை. ஒரு கையாலை குட்டியை அணைச்சுக்கொண்டு, மற்றக் கையாலை இலை முறிச்சுத் திண்டுது. செடிப் பத்தைக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டது நாங்கள்தான்."

நான் கனடா வந்தாப் பிறகு ஒஷாவாவுக்கு அங்காலை ஓரிடமும் போகேல்லை, என்ர தையல் மட்டும் உகண்டா வரைக்கும் போய் வந்திட்டுது.