அடுப்படியில் ஒரு வெள்ளைக் கேன்

போன புதன்கிழமை தலைமையாசிரியர் போன் செய்தார். குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"ஆண்டு விழாவுக்கு முப்பது போட்டோ மாட்டுறீங்கம்மா. எல்லாம் அருமை. அந்தக் கேன் படத்தை மட்டும் எடுத்துருங்க. பந்தல், சேர் எல்லாம் எஸ்டேட்காரங்க உபயம். சிறப்பு விருந்தினரும் எஸ்டேட் முதலாளிதான். சங்கடமாயிரும்."

"பதிலா என்ன மாட்டட்டும் சார்?"

"குரங்கணியில அருவிக்கா பஞ்சம்?"

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் போடியிலிருந்து ஸ்கூட்டரில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போய், எட்டாம் வகுப்புக்குப் போட்டோ வகுப்பு எடுக்கிறேன். அழகாக எடுப்பதைச் சொல்லித்தருவதில்லை — அது இப்போது போன்களுக்கே தெரியும். எடுத்ததைப் பார்ப்பது எப்படி? அதற்குத்தான் வகுப்பு.

மொத்தம் மூன்று விதிகள். ஒன்று, படத்தில் இருப்பதைப் பட்டியல் போடு. இரண்டு, ஊகம் கூடாது. மூன்று, அது அங்கே எப்படி வந்தது என்று கேள்.

அந்த போனுக்கு முந்தைய சனிக்கிழமையின் தலைப்பு, 'வீட்டில் தினமும் கை படும் பொருள்'. வளர்மதி தன் வீட்டுத் தண்ணீர் கேனை எடுத்திருந்தாள். வெள்ளைக் கேன், மேலே கவிழ்த்த டம்ளர், ஜன்னல் வெளிச்சம்... நிஜமாகவே அழகான படம். புரொஜெக்டரில் போட்டேன். பட்டியல் தொடங்கியது. டம்ளர். மூடி. மூடியில் கட்டிய நூல். ஒரு எறும்பு.

"டீச்சர், கீழ மூலையில செவப்பா என்னமோ இருக்கு," என்றாள் சங்கீதா.

பெரிதாக்கினேன். சுரண்டி எடுத்த லேபிளின் மிச்சம். ஒரு சிவப்பு முக்கோணம்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தின் விஷக் குறி. அதிலும் சிவப்பு என்றால் விஷத்தில் முதல் வகுப்பு.

ஒரு கை உயர்ந்தது. "எங்க வீட்லயும் இந்தக் கேனுதான் டீச்சர்." இன்னொரு கை. இன்னொன்று...

வளர்மதி எழுந்து நின்றாள். "எங்கம்மா சோடா போட்டு மூணு தடவ கழுவுச்சு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

தலைமையாசிரியர் போனை வைத்ததும் வளர்மதி வீட்டுக்குப் போனேன். மாட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவரல்ல. அந்த அடுப்படிக்குச் சொந்தக்காரர். வளர்மதியின் அம்மா பாண்டியம்மாள் அப்போதுதான் எஸ்டேட் ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தார்.

"வாத்தா. என் அடுப்படியச் செவுத்துல ஓட்டி சினிமா காட்டுனவ நீதானா?"

"நான்தான்க்கா. நீங்க வேணாம்னா மாட்டல."

"கேன நானா களவாண்டேன்? காலியானதும் சூப்பர்வைசரு ஆளுக்கு ஒண்ணு குடுப்பாரு. குடுக்கையில அந்த மூஞ்சியப் பாக்கணும்... பட்டுச்சேல குடுத்த மாதிரி இருக்கும். லேபிளு அசிங்கமா இருக்குன்னு நாந்தேன் சுரண்டுனேன்."

அந்த லேபிளில்தான் அச்சடித்திருக்கும் — காலி டப்பாவை அழித்துவிட வேண்டும், வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று. விதியைப் படித்தவர்கள் கொடுத்தார்கள். படிக்காதவர் கழுவினார். வெட்கப்பட வேண்டியது யார்?

ஆனால் பயப்பட வேண்டியிருந்தவர் பாண்டியம்மாள்தான். "சூப்பர்வைசரு கண்ணுல பட்டா நாளைக்கு ஜீப்புல எடமில்லம்பாரு. சோலி போச்சுன்னா நீயா சோறு போடுவ?"

மாட்டவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"இருத்தா. எத்தன பிள்ளைக கையத் தூக்குச்சு?"

"பதினொண்ணு."

தன் கேனையும் சேர்த்து விரல் விட்டு எண்ணினார். "ஒத்தக் கேனா இருந்தாத்தான் அது பாண்டியம்மா கேனு. பன்னெண்டு பேர ஒரே நாள்ல எறக்கிவிட்டா, ஏலக்காய் எடுக்க சூப்பர்வைசரு பொண்டாட்டியா வருவா?"

மற்றப் பதினொரு வீட்டுக்கும் அவரே போய்ப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி வாசலில் பன்னிரண்டு கேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் அதைக் கழுவிய பெண். வளர்மதிதான் படம் எடுத்தாள்.

"யாரும் சிரிக்காதீக," என்றாள்.

"இங்க எவடி சிரிக்கா? வெயில்ல கண்ணு கூசுது. வெரசா எடு," என்றார் அம்மா.

எடுத்து முடித்ததும் எல்லாக் கேன்களையும் அரிவாளால் கிழித்துப் போட்டார்கள். இனி அவற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது.

தலைமையாசிரியர் மறுபடி அழைத்தார். "அந்தப் படத்தை எடுத்துட்டீங்களாம்மா?"

"எடுத்துட்டேன் சார். அங்க பெருசா வேற ஒண்ணு மாட்டுறேன். பன்னெண்டு கேன்."

நீண்ட பெருமூச்சு கேட்டது. வேண்டாம் என்ற சொல் கேட்கவில்லை. இதற்குத்தான் காத்திருந்தாரோ என்னவோ!

கடைசியாக ஒரு வேலை இருந்தது. படத்தின் கீழே என்ன எழுதுவது? பெயர்கள் இல்லாமல் விட்டுவிடலாம், அதுதான் பாதுகாப்பு என்றேன்.

பாண்டியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "படத்துல எங்க மூஞ்சி இருக்கு. பேருக்கு மட்டும் எதுக்குப் பயம்? போடு. இனிஷியலோட போடு."

வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. பன்னிரண்டு பெயர்கள், வாசலுக்கு நேராக... சிறப்பு விருந்தினர் கண்ணாடி அணியாமலே படிக்கக்கூடிய அளவில்.