ஒரு தரம்தான் கேட்பார்கள்

தென்காசியில் மருந்துக்கடை மாடியில் முத்துச்செல்வி ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறாள். படிக்க வருகிறவர்கள் எல்லாம் நர்ஸ்கள். சும்மா சொல்லக் கூடாது, இலக்கணத்தில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவர்களில் ஆலங்குளத்துக் குருவம்மாள் டீச்சரைவிட மூத்தவள். புருஷன் இல்லை, மகள் அபர்ணா நாலாம் வகுப்பு. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தை நடத்தும் அம்மாள் குருவம்மாளை வேலைக்காக வீடியோவில் பேட்டி கண்டாள். முத்துச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் வந்தது. கடைசியாக அந்த அம்மாள், "குடும்ப வீடு ஒன்று காலியாக இருக்கிறது. மகளோடு வந்து தங்க அதைத் தரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்," என்று சிரித்தாள் குருவம்மாள்.

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, நன்றி சொல்லிப் பேட்டியை முடித்துவிட்டாள்.

"ஏன்க்கா வேண்டாம்னு சொன்னிய?"

"கேட்ட உடனே தாங்கன்னா பறக்காவெட்டின்னு நினைக்க மாட்டாவளா டீச்சர்? இன்னொரு தரம் கேப்பாவன்னு இருந்தேன். கேக்கவே இல்லையே! பிள்ளைய விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

முத்துச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வேண்டாம் என்பதும், வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வதும் இங்கே பிறந்ததிலிருந்து ஊறிய மரியாதை. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வாய் கிழிய இலக்கணம் நடத்தியவள் இதை ஒரு நாளாவது சொன்னாளா? தன்மேலேயே எரிச்சல் வந்தது அவளுக்கு.

மறுநாள் மத்தியானம் குற்றாலத்து ரம்புட்டான் பழம் வாங்கி வந்து, வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டி, வேண்டுமா என்று ஜெர்மனில் கேட்டாள். "வேண்டாம் டீச்சர்," என்று எல்லாரும் நெளிந்தார்கள். "சரி," என்று தட்டை இழுத்துக்கொண்டு, அவர்கள் பார்க்கப் பார்க்க அவளே உரித்துத் தின்றாள்.

"அட, இம்புட்டுத்தானா!" என்று எழுந்தாள் குருவம்மாள். "போன் போடுங்க டீச்சர். இப்பமே கேட்டிருதேன்."

போனை எடுத்ததும் ஜெர்மனில் சொன்னாள்: "நேற்று மரியாதைக்காக வேண்டாம் என்றேன். எனக்கு அந்த வீடு வேண்டும். மகள் இல்லாமல் வர மாட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வீடு இன்னும் இருக்கிறது. உங்களுக்கே தருகிறோம். மகளுக்குப் பள்ளிக்கூடமும் நாங்களே பார்க்கட்டுமா?" என்றாள் அந்த அம்மாள்.

உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று குருவம்மாளுக்கு வாய் வரை வந்துவிட்டது. முத்துச்செல்வி ரம்புட்டான் தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஆமாம், நீங்களே பாருங்கள்," என்றாள் குருவம்மாள். போனை வைத்ததும் டீச்சரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.