நான் வாசித்த புத்திமதி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நடுவில் நிறுத்தி, "இப்படியெல்லாம் எழுதுனா ஒங்களக் கேவலமா நினைப்பாங்கப்பா" என்றாள். "நினைக்கட்டும் தாயி, எழுது" என்றேன்.

நான் தொண்டிப் பக்கத்துக்காரன். பெண் எடுத்தது ராமேஸ்வரம் தீவில். கல்யாணம் முடிந்ததும் மாமனாரின் மீன்பிடி வல்லத்திலேயே வேலை, அவர் தெருவிலேயே வீடு. புது ஊர்தானே என்று, அஞ்சாங்கிளாஸ் படித்தவன் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். உண்மையில் நான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான். டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படம் பார்ப்பேன். யாராவது வாசிக்கச் சொன்னால் ஒரு கேலியை எடுத்து விடுவேன். சிரிக்கிற கூட்டத்துக்குக் கேட்டது மறந்துபோகும். இருபது வருஷம் இப்படியே ஓட்டினேன். விஷயம் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் அன்பியக் கூட்டம் நடக்கும். மாதா கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் முறைவைத்து ஒரு வீட்டில் கூடி, செபம் சொல்லி, வேதம் வாசிப்போம். கடைசியில் சுண்டலும் டீயும். நான் சுண்டலுக்குத் தவறாத பக்தன். வாசிக்கிற முறை எனக்கு வந்தால், மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லுவாள். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைச் சத்தமாகச் சொல்லுவேன்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை கூட்டம் எங்கள் வீட்டில். புதிதாக வந்திருந்த சிஸ்டர் ஒரு எவர்சில்வர் தட்டு நிறையச் சுருட்டிய சீட்டுகளைக் கொண்டுவந்தார். வேதத்தில் வருகிற அந்தப் பழைய எபிரேய ராஜாவின் புத்திமதிகள். ஆளுக்கு ஒன்று எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்து, ஒரு வாரம் அதன்படி நடக்க வேண்டுமாம்.

முதல் சீட்டை எடுத்தவர் மீன் வியாபாரி. கள்ளத் தராசைக் கடவுள் வெறுக்கிறார் என்கிற மாதிரி ஏதோ வந்துவிட்டது. தெருவே இருமியது. "ஒரு வாரத்துக்கு மட்டுந்தான சிஸ்டர்?" என்று கேட்டார் பாவம்.

அடுத்து தட்டு என்னிடம் வந்தது. மனைவியோ அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். சீட்டைப் பிரித்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நிமிர்ந்தேன். எதிரே என் மச்சினன், மனைவியின் தம்பி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் அவனும் ஒரே வல்லத்தில் தொழில் பார்த்தவர்கள். அதற்கு முந்தின வருஷம், நான் காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு நாள், அவனும் இன்னொருவரும் போன வல்லம் காற்றில் கவிழ்ந்தது. காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து ஒரு பகல் முழுக்க மிதந்தான். கூடப் போனவர் கிடைக்கவேயில்லை. அதிலிருந்து அவன் கடலுக்குப் போவதில்லை. கரையில் கொட்டகைக்குள் உட்கார்ந்து ஊரார் கிழிசல் வலைகளைத் தைப்பான். அவன் கை வேலை அவ்வளவு சுத்தம்.

அந்த மனிதனைப் பார்த்துக்கொண்டே, வேதம் வாசிக்கிற ராகத்தில் நான் வாசித்தேன்: "கடலுக்குப் பயந்தவன் கரையிலே குந்தியிருப்பான். அவன் பொஞ்சாதியின் சேலையே அவனுக்கு வலையாயிருக்கும்."

வீடு அதிர்ந்தது. மீன் வியாபாரி தொடையில் அடித்துச் சிரித்தார். சிஸ்டர் மட்டும் சிரிக்காமல் சீட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். "குடுத்த ஆசீர்வாதத்தத் திருப்பிக் கேக்கப்படாது சிஸ்டர்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மச்சினனும் சிரித்தான். சுண்டலை மட்டும் தொடவில்லை.

எல்லாரும் போனபின் மனைவியிடம் சீட்டைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு அர்த்தம் சொன்னாள். அடுத்தவனைக் காயப்படுத்திவிட்டு, விளையாட்டுக்குத்தானே செய்தேன் என்கிறவனைப் பற்றியதாம் அது.

"போயி தம்பிக்கிட்டச் சொல்லிட்டு வாங்க. வேதத்துல அப்படி இல்ல, நாந்தான் புளுகுனேன்னு சொல்லுங்க" என்றாள்.

"நாளைக்குப் போறேன்" என்றேன். போய்ச் சொன்னால் படிக்கத் தெரியாததையும் சொல்ல வேண்டுமே. அவனோ கோயில் காரியம் என்றால் உயிரை விடுகிறவன். வேத வார்த்தை என்று நம்பியிருப்பான் என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க அவன் வீட்டு வாசலைத் தாண்டித் தாண்டி நடந்தேன். உள்ளே போகவில்லை.

சனிக்கிழமை அவன் ஒரு விசைப்படகில் ஆள் குறைகிறது என்று ஏறிப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் சேதி வந்தது. வலையை இழுக்கிற வின்ச்சில் கம்பி சுற்றும்போது அவன் வலது கை உள்ளே போய்விட்டது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். வலை ஊசியைப் பிடிக்க அது போதாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். கேலி பேசாமல் நான் ஒரு இடத்தில் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

"என்ன மச்சான், ஒண்ணுஞ் சொல்லாம நிக்கிறிய?" என்றான்.

"ஒண்ணுமில்ல மாப்ள."

அங்கேயும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து கூட்டம் அவன் வீட்டில் நடந்தது. சிஸ்டர் அதே தட்டோடு வந்தார். என் முறை வந்ததும் நான் சீட்டை எடுக்காமல் எழுந்து நின்றேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. அன்னைக்கு எங்க வீட்டுல நான் வாசிச்சது வேதமில்ல. நானா அவுத்துவிட்டது. எல்லாரும் மன்னிக்கணும்."

மீன் வியாபாரிதான் ஆரம்பித்தார். "ஏலே, இவன் அடங்கவே மாட்டாம்போல! செபத்துலயும் நாடகம் போடுறான் பாரு!" எல்லாரும் சிரித்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். "மெய்யாத்தான் சொல்றேன்யா" என்றேன். ஒரு அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. இருபது வருஷமாக நான் பழக்கிவைத்த ஆட்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மச்சினன் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் வாசலில் என் பக்கத்தில் வந்து நின்றான். துண்டால் கையை மூடியிருந்தான்.

"எனக்குத் தெரியும் மச்சான்."

"என்னலே தெரியும்?"

"ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு. நீங்க எங்கக்காளக் கட்டி வந்த வருசமே தெரியும். நம்ம வல்லத்தக்கூட நீங்க நம்பர வாசிக்காம நிறத்தப் பாத்துத்தான கண்டுபிடிப்பிய."

"அப்ப அது வேதமில்லன்னு..."

"தெரியும்."

"பெறகு எதுக்குலே போன?"

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வேதத்துல இருந்திருந்தா பங்குச் சாமியார்ட்ட போயி வெளக்கம் கேட்டுட்டுப் பேசாம இருந்திருப்பேன் மச்சான். நீங்க அப்படி நினைக்கிறியன்னு தெரிஞ்ச பெறகு எப்படி இங்கன உக்காந்திருக்கிறது?"

நான் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள் என்று, துண்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.