தோட்டில் மாட்டிய பின்னல்

ஜுசிநாராவிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கும். சால்வடோர் நகரில் கலை படிக்கும் தோழிகள் நாங்கள் நால்வரும், கறுப்பினப் பெண்கள் இன்று படைக்கும் கலையை ஆராய்ந்து பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சி வைத்தோம். தலைப்பின்னல் பற்றிய நீண்ட கட்டுரை அவளுடையது. 'நம் பெண்களின் விரல்களில் ஊறிய நினைவு' என்றெல்லாம் எழுதியிருந்தாள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவள் சீப்பு பிடிக்கும் அழகு எனக்குத் தெரியும் என்பதால் சிரிப்பும் வந்தது.

அவள் அம்மா ராயில்டா, லிபர்தாஜி என்ற மேட்டுப் பகுதியில் தலை பின்னும் கடை வைத்திருக்கிறார். அக்காக்களுக்கெல்லாம் அதே கை. ஜுசிக்கு மட்டும் வரவில்லை. அவளிடம் சிக்கிய பொம்மைகள் மொட்டையாகத்தான் மீண்டனவாம். இன்றைக்கும் அவள் தலையை அம்மாதான் பின்னிவிடுகிறார். வெளியே சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கண்காட்சியின் உயிரே, எங்களுக்கு மூத்த கலைஞரான இவோனில்டெஸ் அக்காவின் திரைதான். செயற்கை முடியைப் பின்னிப் பின்னிக் கூரையிலிருந்து தரைவரை தொங்கவிட்டிருந்தார்.

"என் கையைத் தவிர வேற கை இதுல பட்டுச்சு, அப்பவே கழட்டி எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

திறப்பு விழாவன்று மதியம் ஜுசி ஏணியில் ஏறி விளக்கைத் திருப்பினாள். காதில் தட்டு அளவுக்கு வளையத் தோடு. அதில் திரையின் பின்னல் ஒன்று மாட்டிக்கொண்டது.

"அசையாதடி!" என்று கத்தினேன். அசைந்தாள். பின்னல் அடியிலிருந்து உச்சிவரை பிரிந்துபோனது.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்களில் பின்னத் தெரிந்தவள் ஒருத்திகூட இல்லை.

"உங்கம்மாவைக் கூப்பிடுடி" என்றேன்.

"கூப்பிட்டா லிபர்தாஜி பூரா சிரிக்கும். நானே பண்றேன்."

நாக்கைத் துருத்திக்கொண்டு பின்னினாள். அது கொடியில் பிழிந்து போட்ட துணிபோல் முறுக்கிக்கொண்டு நின்றது.

"வெளிச்சம் சரியில்ல, அதான் அப்படித் தெரியுது" என்றாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்!

மாலையில் கூட்டம் வந்தது. இவோனில்டெஸ் அக்கா வந்தார். எதையும் கவனிக்கவில்லை. ஜுசிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்த நேரம் பார்த்து அவள் அம்மா கையில் அக்கராஜே வடைப் பொட்டலத்தோடு நுழைந்தார். வாசலிலிருந்தே திரையைப் பார்த்தார்.

"ஐயோ, அந்தப் பின்னல் எம்பொண்ணு கையாச்சே! மேல இறுக்கிக் கட்டுவா, பாதியில பொறுமை போயிடும். பொம்மைக்கும் இப்படித்தான் பண்ணுவா!"

கூடமே திரும்பியது. இவோனில்டெஸ் அக்கா அந்தப் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஜுசி அவர் அருகில் ஓடினாள்.

"கழட்டப் போறீங்களாக்கா?"

"இந்த அழகை ஊர் பார்க்க வேணாமா? பக்கத்துலயே நில்லு. இதைப் பத்தி யாரு கேட்டாலும் நீதான் பதில் சொல்லணும். ஒரு பொய் வந்துச்சு, கழட்டிடுவேன்."

உடனே கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, மோவாயைத் தடவியபடி நின்றார். "இது ஒண்ணு மட்டும் ஏம்மா இப்படி? இதுக்கு என்ன அர்த்தம்?"

ஜுசி பின்னலைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"எனக்குப் பின்னத் தெரியாது சார். அவ்வளவுதான்."

ராயில்டா அம்மா பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா படிக்கிறா. இவ சொன்னதுல எனக்குப் புரிஞ்ச மொத வரி இதுதான்."