பிளாஸ்திரி வாசனை

எதையும் உணராத ஒருவரால் ருசியைக் கற்றுக்கொள்ள முடியுமா? ரேலீன் நோஸ்கேயை நினைக்கும்போது எனக்கு இந்தக் கேள்வி வரும். அவளுக்கு அந்தக் கேள்வி வந்ததா என்று தெரியாது.

திராட்சைக்குப் பேர்போன எங்கள் பரோசாவில் ஒரு வைன் ஆலையின் வாசலில், எடைமேடையில், இருபத்துநான்கு அறுவடைகள் உட்கார்ந்திருந்தாள். திராட்சை லாரி வரும். எடை பார்ப்பாள், ஒரு கைப்பிடி பிழிந்து சர்க்கரை அளவு பார்ப்பாள், சீட்டு கொடுப்பாள். லாரி உள்ளே போகும். உள்ளே என்ன ஆகிறது என்று அவள் எட்டிப் பார்த்ததில்லை. குடித்ததெல்லாம் தேநீர்தான்.

அவளுடைய ஐம்பத்தாறாம் வயதில் கணவன் பிரையன் க்வீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். சண்டை எதுவும் இல்லை. அன்று மதியம் வழக்கம்போல வேலைக்கு வந்து, "பிரையன் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த லாரியைக் கூப்பிட்டாள். அழுதாயா என்று யாரோ கேட்டதற்கு, "வரல" என்றாள். சாப்பாடு எதுவும் நாக்கில் ருசிப்பதில்லை என்று ஒருமுறை சொன்னாள். அதையும் எடை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், புல்தரையில் பந்துருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பின் கூடத்தில் செவ்வாய் மாலைகளில் கூடும் எங்கள் வைன் ருசிக் குழுவுக்கு வந்தாள். தலைவி ஃபே லிண்ட்னர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இத்தன வருஷம் வாசல்லயே இருந்துட்டு இப்பத்தான் உள்ள வர்றியா?"

"கத்துக்கணும்."

"எதுக்கு?"

"நீங்கல்லாம் ஒரு கிளாஸ மோந்துட்டு அரைமணி நேரம் பேசறீங்க. அதுல அப்படி என்னதான் இருக்கு?"

ருசி பார்த்த பிறகு துப்ப வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாவது கிளாஸில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். மறுவாரம் துப்பக் கற்றாள். அவளுடைய நோட்டில் முதல் எட்டு வைன்களுக்கும் ஒரே குறிப்பு: "சிவப்பு. ஈரம்." மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபேயைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். "நேத்து கடைசி கிளாஸ்ல மிளகு இருந்துச்சு ஃபே. நெஜமாவே இருந்துச்சு."

அடிலெய்டில் ஆரம்பநிலைக்காரர்களுக்கு வைன் ருசி கற்றுத்தரும் ஐந்து நாள் வகுப்பு ஒன்று நடக்கும். ஆண்டுக்கு ஒருவரைக் குழு தன் செலவில் அனுப்பும். ஆகஸ்ட் மாத ஆட்டத்தில் கடைசிவரை நிற்பவருக்கு அந்த இடம். "அது எனக்கு வேணும்" என்று ரேலீன் ஃபேயிடம் சொன்னாள். அவள் எதையாவது வேண்டும் என்று சொல்லி அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை.

ஆட்டம் எளிது. ஆளுக்கொரு புட்டியைக் காகிதப் பையில் சுற்றிக் கொண்டுவருவோம். ஃபே அவற்றைத் தனியாக ருசி பார்த்துக் கலைத்துவைத்து, ஒவ்வொன்றாக ஊற்றிக் கேள்வி கேட்பாள். விடையை மட்டும் சொல்வாள், பையை உரிப்பது கடைசிப் புட்டிக்குத்தான். ஒரு பதிலென்றால் இடது சுவர், மற்றதென்றால் வலது சுவர். தவறினால் உட்கார வேண்டும். முதல் கிளாஸ் நம் ஊரா, வெளியூரா என்றாள். நன்றாக இருந்ததால் திராட்சைத் தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் நம் ஊர்ச் சுவருக்குப் போனார்கள். அது வெளியூர். பாதிக் கூடம் உட்கார்ந்தது, நானும்தான். ரேலீன் நின்றாள். அவள் திறமைசாலி என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் எங்கள் ஊர் வைனை நேசித்தோம், அவள் எதையும் நேசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறாவது கிளாஸுக்கு இரண்டே பேர் மிஞ்சினார்கள். மற்றவன் மெர்வின் கெர்னிக். முப்பது வருடமாகத் தன் கொட்டகையில் வைன் போடுபவன். இந்த வகுப்பு அவனுக்கு எதற்கு என்று கேட்டால், ஜெயிப்பதற்கு என்பான். தன் புட்டி இரண்டாவது கிளாஸிலேயே வந்துபோய்விட்டதாக நம்பி, அப்போதே பக்கத்திலிருந்தவனிடம் பெருமையடித்திருந்தான்.

"ரேலீன், இது எடைமேடை இல்லம்மா. முள்ளு காட்டாது" என்றான்.

"நீ ஊத்தினத குடி மெர்வ்."

ஃபே கேட்டாள்: "இது நல்ல வைனா, கெட்டுப்போனதா?"

மெர்வின் ஒரே மடக்கில் ருசி பார்த்துவிட்டு நல்ல வைன் சுவருக்குப் போனான். ரேலீன் மூன்று முறை முகர்ந்தாள். பிறகு எதிர்ச் சுவருக்கு நடந்தாள்.

"பிளாஸ்திரி வாசன அடிக்குது" என்றாள். "பழைய பிளாஸ்திரி. கொஞ்சம் குதிர லாயம்."

"அது பழசோட மணம்டி. போகப்போகத் தெரியும்" என்றான் மெர்வின்.

"கெட்டதுதான்" என்று ஃபே பையை உரித்தாள். மெர்வினின் சொந்தப் புட்டி.

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். மெர்வின் கிளாஸை மறுபடி முகர்ந்தான், ஃபேயிடம் கொடுத்தான், வாங்கி மறுபடி முகர்ந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றான். "பீப்பாய் எல்லாமே இப்படித்தான மணக்கும்? ஃபே, எத்தன வருஷமா இப்படி இருக்கு?"

"பீப்பாய்ல கிருமி புகுந்திருக்கு மெர்வ். ஆறேழு வருஷம் இருக்கும்."

"சொல்லக் கூடாதா?"

ஆறேழு வருடம் அவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில் அதைக் குடித்துவிட்டுப் பிரமாதம் என்று சொன்னவர்கள் நாங்கள்.

ஃபே வகுப்புக்கான படிவத்தை ரேலீனிடம் நீட்டினாள். சிலர் கைதட்டினோம். அவள் மேஜையில் குனிந்து, பெயர் எழுதும் இடத்தில் மெர்வின் கெர்னிக் என்று எழுதினாள். ஃபே அதை இரண்டு முறை படித்தாள்.

"என்ன ரேலீன் இது?"

"எனக்கு மோந்தா தெரியுது. அவனுக்குத்தான் தெரியல." ரேலீன் பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.