பெயரைச் சொல்லாத கோமதி

சித்தூர் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு பேட்டிக்காகக் காத்திருந்தபோது கோமதியின் தம்பி முரளி போன் செய்தான். "அண்ணா, அக்கா பூட்டாங்க. மாரடைப்பு." இதை உடனே கோமதியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இருபது வருடங்களாக எந்தச் செய்தியையும் அவரிடம்தான் முதலில் சொல்லிவந்தேன்.

நகரியில் விசைத்தறி ஓட்டியவரின் மகள். திருப்பதியில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு எதிர் நாற்காலி. அவரோடு பழகியவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். மாடியில் பேசினால் தெருவில் கேட்கும்.

ஆறு வருடங்களுக்கு முன், நகரிப் பக்கத்து ஆட்கள் பதினான்கு பேர் வளைகுடா நாடொன்றில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, தொழிலாளர் முகாமில் அடைபட்டுக் கிடப்பதாகத் தகவல் வந்தது. கோமதி கிளம்பிவிட்டார். அனுமதியில்லாமல் அங்கே செய்தி சேகரித்தால் சிறைதான் என்று ஆசிரியர் எச்சரித்தார். "உள்ள மாட்டிக்கினு இருக்கறவன் யாராண்ட அனுமதி கேப்பான் சார்?" என்றார் கோமதி.

ஐந்தாம் நாள் மதியம் ஓட்டல் அறையிலிருந்து அழைத்தார். "சேகரு, எழுதிக்கோ. கீழ போலீஸ் வந்துக்கினு இருக்குது." அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். என் விரல்கள் அதுவரை அப்படி ஓடியதில்லை. முகாமுக்குள் போய் அவர் பார்த்தவை: வெளியே பூட்டிய கதவு, ஒரே குழாய், காய்ச்சலோடு வேலைக்கு இழுத்துப் போகப்பட்டவர். அறைக் கதவைத் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. கடைசி வரியையும் முடித்துவிட்டு, "நான் உள்ள போனாலும் இத்த போட்டுடுங்க" என்றார். இணைப்பு அறுந்தது.

ஆசிரியர் தயங்கினார். "அந்தம்மா அவங்க கையில இருக்காங்க. இப்ப போட்டா என்ன ஆவுமோ?" நியாயமான பயம். ஆனால் அவர் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். "போடணும் சார். அதைத்தான் கேட்டாங்க" என்றேன். மறுநாள் முதல் பக்கம்! தெலுங்குப் பத்திரிகைகளும் எடுத்துக்கொண்டன. நகரியில் தறிகளை நிறுத்திவிட்டு ஊரே சாலைக்கு வந்தது. தூதரகம் அசைந்தது.

காவலில் பதினோரு நாளும் ஒரே கேள்வி: முகாமுக்குள் உன்னை அழைத்துப் போனவன் யார்? கோமதி வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவரை நாடுகடத்தினார்கள். அடுத்த வாரமே பதினான்கு பேரும் சென்னையில் வந்திறங்கினார்கள்.

வரவேற்கப் போயிருந்தோம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் ஓடிவந்து கோமதியின் கைகளைப் பிடித்தார். "என் பேரை கடசி வரைக்கும் சொல்லலியாமே அக்கா!"

"உன் பேரா? நீ யாருன்னே எனக்குத் தெரியாதே நைனா!" என்றார் கோமதி. அந்த ஆள் அழுதுகொண்டே சிரித்தார். மாலையும் கையுமாக நின்ற நாங்கள் விசிலடித்தோம். செய்தியாளர்கள் விசிலடிக்கக் கூடாதுதான்.

கோமதிக்குப் பயமே கிடையாது என்று இரங்கல் கூட்டத்தில் யாராவது பேசுவார்கள். நம்பாதீர்கள். ஊருக்குத் திரும்பும் வழியில் புத்தூரில் டீ குடிக்கும்போது அவரே சொன்னார்: "கை, காலு எல்லாம் உதறிக்கினே இருந்துச்சு சேகரு. அதுக்குன்னு பாதியில நிறுத்துவாங்களா?"

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த உதறலைத்தான்.