கரையில் ஏற்கெனவே மீன் வெந்துகொண்டிருந்தது

அன்றைக்குக் காலையில் நான் பைண்டிங்குக்கு மைதா பசை கிண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பதிப்பகத்து மேனேஜர் எஸ்தர் மேடம் பின்னால் வந்து நின்றார்.

"சுகிர்தம்மா, சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹால்ல நம்ம புது வேதாகம விளக்கவுரைக்கு ட்ரயல் ரீடிங் வெச்சிருக்கோம். நீங்கதான் எழுந்து நின்னு ஒரு பக்கத்தை எல்லாருக்கும் எடுத்துச் சொல்லப் போறீங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

எது சொன்னாலும் சரிங்க என்பது என் வழக்கம். அவர் போன பிறகுதான் என்ன சொன்னார் என்பது உறைத்தது. அதற்குள் பசை அடிப்பிடித்துவிட்டது. எனக்கும் உள்ளே ஏதோ அடிப்பிடித்தது போலத்தான் இருந்தது. ஏனென்றால் அந்த விளக்கவுரையில் எனக்கு ஒரு பக்கம்கூடப் புரிந்திருக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் கதையை பைண்டிங்குக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நேரில் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. பிழை இருந்தால் டிடிபி செய்கிற ஷீலா பார்த்துக்கொள்வாள்.

1. பச்சை டிக்

எங்கள் பதிப்பகம் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. கிறிஸ்தவப் புத்தகங்கள் போடுகிறோம். அச்சு வெளியே. அச்சாகி வருகிற ஃபாரத் தாளை மடிப்பது, பக்கத்தை வரிசையாக அடுக்குகிற கேதரிங், தைப்பது, ஒட்டுவது இங்கே. நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மடித்துக்கொண்டிருக்கிறேன். வேதாகமத்தை எத்தனை தடவை மடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

இஸ்ரவேல் ஐயா வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சாதாரண ஜனங்களுக்கு ஒரு எளிய விளக்கவுரை எழுதவேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. மேடம் அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஐயா, எளிமைன்னு நீங்க சொன்னா பத்தாது. நம்ம சுகிர்தம்மா அஞ்சாவது. அவங்களுக்குப் புரிஞ்சா தாம்பரத்துக்கே புரியும். அவங்க ஓகே சொல்ற பக்கம்தான் பிரிண்டுக்குப் போகும்."

அன்றிலிருந்து தினம் பதினோரு மணிக்கு ஐயா ப்ரூஃபோடு வந்து என் எதிரே ஸ்டூலில் உட்காருவார். வாசிப்பார். வேதாகமத்தில் சீஷர்கள் மீன் பிடித்த கதைக்கு அவர் எழுதியிருந்ததை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்: "இக்காட்சி உயிர்ப்பின் ஒளியில் மறுமையியல் விருந்தின் முன்னறிகுறியாகவும், அப்போஸ்தலப் பணியின் மறுநியமன அரங்காகவும் துலங்குகிறது."

வாசித்து முடித்ததும் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "புரியுதாம்மா?"

"நல்லா இருக்கு ஐயா."

அவர் முகம் மலர்ந்துபோகும். பக்கத்தின் மூலையில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போடுவார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சு மிட்டாய் எடுத்து என் கையில் வைப்பார்.

புரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். போகப்போக இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. இத்தனை டிக்குக்கு அப்புறம் உண்மையைச் சொன்னால், இந்த அம்மா எதற்கு லாயக்கு என்று வேலையைவிட்டே அனுப்பிவிட்டால்?

அந்த மிட்டாயைத் தின்னவும் மனம் வரவில்லை. பொய் சொல்லி வாங்கினது. வீட்டில் பழைய ஊறுகாய் டப்பா ஒன்றில் போட்டு வைத்தேன். ஐயா நூற்று இருபது பக்கம் எழுதினார். டப்பா நிறைந்துவிட்டது.

2. தப்பிக்கப் பார்த்தது

சனிக்கிழமைக்கு மேடம் தேர்ந்தெடுத்த பக்கம் அந்த மீன் பக்கமேதான்.

"மேடம், அன்னைக்குப் படப்பையில என் நாத்தனார் வீட்டுல ஒரு விசேஷம்..."

"என்ன விசேஷம்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "இன்னும் முடிவு பண்ணலைங்க மேடம்" என்றேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை வெச்சுக்கச் சொல்லுங்க."

சரி, மனப்பாடமாவது செய்துவிடுவோம் என்று பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"எங்கம்மா போவணும்?"

"மறுமையியல் விருந்து" என்று வாயில் இருந்தது வந்துவிட்டது.

"அப்பிடி ஒரு ஸ்டாப்பே கெடயாதேம்மா. கல்யாண மண்டபமா? எறங்கி ஷேர் ஆட்டோல போ."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தேன்.

அந்த வாரம் சேலையூர் கேம்ப் ரோடில் மீன் வாங்கப் போனபோது பாக்கியம் பிடித்துக்கொண்டாள். பாக்கியம் கோவளத்திலிருந்து கூடை கொண்டுவந்து விற்கிறவள். வாய் கொஞ்சம் பெரிசு. எனக்கு இல்லாத வாயையும் சேர்த்து அவளுக்கே ஆண்டவர் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

"இன்னாக்கா, மூஞ்சி காஞ்ச கருவாடாட்டம் கீது?"

சொன்னேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் வரும்.

"இதுக்கா இம்மாம் பேஜாரு? நான் வந்து மொத வரிசைல குந்திகினு கீறேன். நீ என் மூஞ்சியப் பாத்தே பேசு. வேற எவன் மூஞ்சியையும் பாக்காதே. இப்ப வஞ்சிரம் வேணுமா, சங்கரா வேணுமா?"

"எதுவா இருந்தாலும் நல்லா இருக்கும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. சனிக்கிழமை

ஹாலில் அறுபது பேருக்குக் குறையாது. ஐயா வெள்ளை ஜிப்பா போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் நூற்று இருபது பக்கமும் இருந்தது, பச்சை டிக்கோடு. பாக்கியம் சொன்னபடியே முதல் வரிசையில் குந்தியிருந்தாள். கூடையையும் கொண்டுவந்திருந்ததால் அவளைச் சுற்றி நாலு நாற்காலி காலியாக இருந்தது.

மேடம் முதலில் மீன் கதையை எல்லோருக்கும் சொன்னார். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு பேதுருவும் இன்னும் ஆறு சீஷர்களும் மீன் பிடிக்கப் போனார்கள்; ராத்திரி முழுக்க ஒன்றும் அகப்படவில்லை. விடியும்போது கரையில் நின்ற ஒருவர், வலது பக்கம் வலையைப் போடுங்கள் என்றார். வலை கொள்ளாத மீன். அவர் யார் என்று தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். கரையில் பார்த்தால் கரி நெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். இயேசு, நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்றார்.

"இப்போ இதோட விளக்கத்தை சுகிர்தம்மா சொல்வாங்க."

எழுந்தேன். "இக்காட்சி" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுபடி "இக்காட்சி" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் பேசு பேசு என்று கையை ஆட்டினாள். பேசினேன்.

"நல்லா இருக்குங்க" என்றேன்.

பாக்கியம் எழுந்துவிட்டாள். "சார், இந்தக்கா நல்லாகீதுன்னா ஒண்ணுமே நல்லால்லன்னு அர்த்தம் சார்! போன மாசம் ஐஸு இல்லாம என் நெத்திலி நாறிப்போச்சு. அப்பகூட நல்லாகீதுன்னுதான் வாங்கினு போச்சு."

எங்கள் சபைப் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "ஆமா, பாஸ்டர் ரெண்டு மணி நேரம் பிரசங்கம் பண்ணினாலும் சுகிர்தம் வாசல்ல நின்னு நல்லா இருக்குன்னுதான் சொல்லும்" என்றாள். பாஸ்டர் தரையைப் பார்த்தார்.

ஐயா சிரிக்கவில்லை. மடியில் இருந்த பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் பச்சை டிக்.

"அப்போ இதெல்லாம்?"

"மன்னிச்சிடுங்க ஐயா."

"எத்தனை பக்கம்மா புரியல?"

பொய் சொல்ல இனி இடமில்லை. "எல்லாமேங்க ஐயா." அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். "முதல் பக்கம் நல்லாப் புரிஞ்சுது ஐயா. அதுல உங்க பேரு மட்டும்தான் இருந்தது."

ஹாலே அதிர்ந்தது. மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரிப்பு மூட்டுவதற்காகச் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது.

"மிட்டாயெல்லாம் வீட்டுல பத்திரமா இருக்குங்க ஐயா. ஒண்ணுகூடத் தின்னல. திருப்பிக் கொடுத்துடறேன்."

அதோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். ஐயா எழுந்து என் பக்கத்தில் வந்தார். மைக்கை வாங்கி அணைத்துக் கீழே வைத்தார். அந்த உபகாரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"புரியுதான்னு இனிமே கேக்கமாட்டேன்மா. இந்தக் கதையில உங்க மனசுல ஏதாவது ஒண்ணு இருக்குமே, அதைக் கொடுங்க. சின்னதா இருந்தாலும் போதும்."

சின்ன வயதிலிருந்து ஒன்று இருக்கத்தான் செய்தது. யாரும் கேட்டதில்லை.

"கரையில ஏற்கெனவே மீன் வெந்துக்கிட்டு இருந்துதே ஐயா. அப்புறம் எதுக்கு இவங்க மீனையும் கொண்டாரச் சொன்னாரு?"

ஐயா அந்தப் பக்கத்தை எடுத்து மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

"இதுக்கு நான் ஒண்ணுமே எழுதலியே" என்றார்.

"இது இன்னா சார் பெரிய கேள்வி?" என்றாள் பாக்கியம். "வந்தது ஏழு ஆம்பளைங்க. ராவெல்லாம் வலை இழுத்தவனுங்க. அடுப்புல கீறது ஒருத்தனுக்குப் பத்துமா?"

"அஞ்சு அப்பத்துல ஐயாயிரம் பேருக்குப் போட்டவருக்கு ஏழு பேரு ஒரு கணக்காம்மா?" என்றார் ரயில்வேயில் ரிட்டயரான ஒருவர்.

"அட ஆமால்ல" என்று பாக்கியம் உட்கார்ந்துவிட்டாள். அவள் பேச்சில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எனக்கோ இதற்குள் ஒரு பதில் தோன்றியிருந்தது. வெட்கம் என்கிற ஒரு பாடத்தில் மட்டும் நான் கல்லூரி வரைக்கும் படித்தவள்.

"பேதுருவுக்கு வெட்கமா இருந்திருக்கும் ஐயா" என்றேன். "இயேசு பிடிபட்ட ராத்திரி அவரை யாருன்னே தெரியாதுன்னு மூணு தடவை சொன்ன ஆளு. அவரு சுட்டு வெச்ச மீனை எந்த முகத்தோட திங்கிறது? கல்யாண வீட்டுக்குப் போனா நான் சுவரு ஓரமா நிப்பேன். வா, உக்காரு, சாப்பிடுன்னா கால் வராது. இந்த சாம்பார் வாளியைக் கொஞ்சம் பிடின்னு யாராச்சும் கையில கொடுத்துட்டா, பந்தி முழுக்கப் போயிட்டு வந்துடுவேன். அப்புறம் சாப்பிடவும் வெட்கமா இருக்காது. அதான், உன் மீனையும் கொண்டான்னு சொல்லியிருப்பாரு."

ஐயா வேதாகமத்தைத் திறந்து அடுத்த வசனத்தைப் பார்த்தார். "பேதுருதான் போய் வலையை இழுத்துக்கிட்டு வந்திருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அப்ப அதான் சார்! எளுதிக்கோ" என்றாள் பாக்கியம்.

ஐயா பச்சைப் பேனாவை எடுத்தார். அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்துவிட்டு, மேடத்தைப் பார்த்து, "நூத்திருபதையும் திரும்ப எழுதணும் மேடம்" என்றார்.

4. செதில் ஒட்டின ப்ரூஃப்

எனக்கு வேலை போகவில்லை. கூடிவிட்டது. ஐயா வாசிப்பார், நான் என் மனதில் தோன்றுவதைச் சொல்லவேண்டும். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கேம்ப் ரோடுக்குப் போய் அதைப் பாக்கியத்திடம் சொல்லவேண்டும். அவள் மீனைச் சுத்தம் செய்தபடியே கேட்பாள். கத்தி நிற்காமல் ஓடினால் பக்கம் ஃபெயில். கத்தி நின்று, "அப்பறம் இன்னாச்சு?" என்றால் பாஸ்.

"ஐயா, ப்ரூஃப்ல செதில் ஒட்டியிருக்கு" என்று ஷீலா மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

"அது பாஸான பக்கம்மா" என்பார் ஐயா.

திரும்ப எழுதியதில் புத்தகம் பாதியாக இளைத்துவிட்டது. முன்னுரையில் என் பெயரைப் போடுகிறேன் என்றார். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். பாக்கியம் தன் பெயரை இரண்டு தடவை போடச் சொன்னாள்.

இதில் நான் கற்றுக்கொண்டதைப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்குச் சொல்லிவைக்கிறேன். ஒருத்தர் "நல்லா இருக்கு" என்றால் டிக் போட்டுவிடாதீர்கள். பேசாதவர்களிடம் புரிந்ததா என்று கேட்காதீர்கள். உன் கையில் என்ன இருக்கிறது, கொண்டுவா என்று கேளுங்கள்.

வெளியீட்டு விழாவும் அதே ஹாலில்தான் நடந்தது. நான் வழக்கம்போல் கடைசிச் சுவர் ஓரமாக நின்றேன். ஐயா கூட்டத்துக்கு நடுவே வந்து, "எங்கம்மா என் மிட்டாய்? திருப்பிக் கொடுக்கிறேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்களே. போய்க் கொண்டாங்க. எல்லாருக்கும் கொடுக்கணும்" என்றார்.

வீடு பக்கம்தான். ஓடிப்போய் எடுத்துவந்தேன். வெயிலில் உருகி எல்லாம் ஒரே கட்டியாகியிருந்தது. வீட்டில் இருந்த சுத்தியலால் உடைத்துத் தட்டில் போட்டு, வரிசை வரிசையாகப் போய் நானே கொடுத்தேன். எலுமிச்சை ஊறுகாய் வாசனையோடு ஆரஞ்சு மிட்டாய். அத்தனை பேரும் வாயில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுளிக்காமல், "நல்லா இருக்கு சுகிர்தம்மா" என்றார்கள்.

கடைசித் துண்டை மேடைக்குக் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். ஐயாவின் மேசைமேல் ஏற்கெனவே ஒரு பெரிய இனிப்புப் பெட்டி இருந்தது. எல்லோருக்கும் போதுமான அளவுக்கு, இன்னும் பிரிக்காமல்.